கடன் கொடுப்பவருக்கான பாடம்: திரைப்பட வணிகக் கல்வி, 1927 முதல் இணையவழிப் படிப்பு வரை

1927ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒரு விரிவுரைத் தொடர் நடந்தது. ஏற்பாடு செய்தவர் ஜோசஃப் கென்னடி, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தந்தை. அதற்கு முந்தைய ஆண்டுதான் எஃப்.பி.ஓ. என்ற பட நிறுவனத்தை அவர் வாங்கியிருந்தார். அடால்ஃப் சூக்கர், ஜெஸ்ஸி லாஸ்கி, வில்லியம் ஃபாக்ஸ், ஹாரி வார்னர், மார்கஸ் லோ என்று அன்றைய ஹாலிவுட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் வந்து பேசினார்கள். சூக்கரும் லோவும் உரோமத் தோல் வியாபாரத்திலிருந்தும், ஃபாக்ஸ் துணித் தொழிலிலிருந்தும் சினிமாவுக்கு வந்தவர்கள். கல்லூரிக்குள் காலெடுத்து வைப்பதே இதுதான் முதல் முறை என்று லோ அந்த மேடையிலேயே சொன்னார்.

இயக்கம், நடிப்பு பற்றியும் ஓரிரு உரைகள் இருந்தன. ஆனால் தொடரின் எடை வேறு பக்கம் இருந்தது. படத்துக்கு வங்கி எப்படிக் கடன் கொடுக்கிறது என்று வங்கியாளர் ஜியானினி பேசினார். விநியோகம் பற்றி பாரமவுண்டின் சிட்னி கென்ட், திரையரங்க நிர்வாகம் பற்றி சாம் காட்ஸ். உரைகள் அதே ஆண்டு கென்னடியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாயின. நிறுவனங்கள் ஊருக்கு ஊர் மாளிகை போன்ற அரங்குகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு வால் ஸ்ட்ரீட்டின் பணம் வேண்டும். வால் ஸ்ட்ரீட்டோ சினிமாக்காரர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. என் வாசிப்பில், மாணவர்கள் அமர்ந்திருந்த அந்த அரங்கில் உண்மையான கேட்போர் கடன் கொடுக்கப்போகிறவர்கள்.

அதே காலத்தில் இன்னொரு வகைக் கல்வியும் நடந்துகொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் பாமர் ஃபோட்டோபிளே போன்ற நிறுவனங்கள் திரைக்கதை எழுதும் கலையை அஞ்சல்வழிப் பாடமாக விற்றன. சந்தா கட்டியவர்கள் ஸ்டுடியோ வாசலைக்கூடப் பார்த்திராத சாதாரண மக்கள். ஆக, பணம் இருப்பவருக்குக் கணக்கு, பணம் இல்லாதவருக்குக் கனவு என்று பாடம் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. ஹார்வர்டின் பாடத்திட்டத்தை அஞ்சல்வழி மாணவர்களுக்கு விற்பதுதான் இன்றைய இணையவழிக் குறுகியகாலப் படிப்பு என்பது இக்கட்டுரையின் கருத்து. இடையில் என்ன நடந்தது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

இந்தியாவிலும் 1927 முக்கியமான ஆண்டு. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்திய சினிமாட்டோகிராஃப் குழு அந்த ஆண்டு அமைக்கப்பட்டு, 350க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அரங்கு உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் படம் எப்படி வாடகைக்குப் போகிறது, பணம் எங்கே முடங்குகிறது என்று விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியத் திரைவணிகத்தின் முதல் பாடநூல் எதுவென்று கேட்டால் நான் அந்தச் சாட்சியத் தொகுதிகளையே காட்டுவேன். தயாரிப்பாளருக்கு அரசு கடன் தர வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையைக் காலனிய அரசு கண்டுகொள்ளவில்லை.

விடுதலைக்குப் பின் எஸ்.கே. பாட்டீல் குழு 1951இல் அறிக்கை தந்தது. பயிற்சிக்கு ஒரு நிறுவனம், கடனுக்கு ஒரு கழகம் என்று அது கேட்டது. இரண்டும் 1960இல் வந்தன. புனேயில் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் திரைப்படக் கல்லூரி, தனியாகத் திரைப்பட நிதிக் கழகம். புனேயில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி ஆகியவை துறைகளாயின, தயாரிப்பு ஆகவில்லை. பணத்தைப் பற்றிய அறிவு கடன் கொடுக்கும் அலுவலகத்தோடு நின்றுவிட்டது. கொல்கத்தாவின் சத்யஜித் ராய் கல்லூரி தயாரிப்பைத் தனிப்பிரிவாக எடுத்துக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவில் அடுத்த திருப்பம் பெருங்குழுமங்களால் வந்தது. 1966இல் கல்ஃப் அண்டு வெஸ்டர்ன் பாரமவுண்டை வாங்கியது. அடுத்த ஆண்டு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரான்ஸமெரிக்காவிடம் போனது. வாகன உதிரிபாகமும் காப்பீடும் விற்றவர்களுக்குப் படத்தைப் பற்றிப் பேச எண்கள் தேவைப்பட்டன. 1975இல் ‘ஜாஸ்’ ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியான பிறகு முதல் வார இறுதி வசூலே படத்தின் ஜாதகம் என்றாயிற்று. ‘வெரைட்டி’ இதழில் அந்த வசூல் எண்களை முறையாக அலசிய ஆர்ட் மர்ஃபிதான் 1979இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்டார்க் தயாரிப்புப் படிப்பைத் தொடங்கினார். தயாரிப்பாளர் ரே ஸ்டார்க்கின் மறைந்த மகன் பெயரில் அமைந்த படிப்பு அது. ‘ஃபாஸ்ட் அண்டு ஃபியூரியஸ்’ வரிசையின் தயாரிப்பாளர் நீல் மோரிட்ஸ் அங்கே படித்தவர்.

கணக்குப் பாடம் எழுத்தாளர்களுக்கும் தேவை என்று உணர்த்தியது ஒரு வழக்கு. எடி மர்ஃபி நடித்த ‘கமிங் டு அமெரிக்கா’ 1988இல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதைக்கரு தன்னுடையது என்று பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குத் தொடுத்தார். 1990இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆனால் அவருக்கும் தயாரிப்பாளர் ஆலன் பெர்ன்ஹைமுக்கும் ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டியது நிகர லாபத்தில் பங்கு. படத்துக்கு நிகர லாபமே இல்லை என்றது பாரமவுண்ட். விநியோகக் கட்டணம், அலுவலகச் செலவு, வட்டி, அந்தச் செலவுகள் மேலேயே மேலும் செலவு என்று வரிசையாகக் கழித்தால் எந்த வெற்றிப்படமும் நஷ்டக் கணக்காகும். அந்தக் கணக்கு முறையின் பல கூறுகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்று நீதிமன்றம் சொன்னது. 1992இல் இருவருக்கும் சேர்த்து 9 லட்சம் டாலர் தரும்படி உத்தரவானது. அதற்குப் பின் திரைவணிகம் சொல்லித்தரும் எந்த வகுப்பும் நிகர லாபம் பற்றி எச்சரிக்காமல் நகர்வதில்லை.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே பணம் அரசிடமிருந்து வந்தது. எனவே பாடமும் அரசு மானியத்தில் நடந்தது. 1988இல் தொடங்கிய ஈவ் பயிற்சி, தயாரிப்பாளர்களை ஆண்டில் 3 முறை ஒரு வாரம் கூட்டிவைத்துப் பல நாட்டுக் கூட்டுத்தயாரிப்பைக் கற்பித்தது. 1992இல் லண்டனில் எலியட் குரோவ் தொடங்கிய ரெயின்டான்ஸ் நேர் எதிர்: மானியமும் இல்லாதவர்களுக்கான வார இறுதி வகுப்புகள். இணையப் படிப்புகளுக்கு மிக நெருங்கிய முன்னோடி இந்த வகைதான்.

2012இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளங்கள் வந்தன. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஃபியூச்சர்லேர்ன் தளத்தைத் தொடங்கி, பைன்வுட் ஸ்டுடியோவுடன் சேர்ந்து திரைப்பட வணிகம் பற்றிய இணையப் படிப்பையே வெளியிட்டது. உரிமைச் சங்கிலி, விற்பனை முகவர், முன்விற்பனை, வரிச்சலுகை, வருவாய் யாருக்கு முதலில் போகும் என்ற வரிசை: 1927இல் ஹார்வர்டு அரங்கில் பேசப்பட்டது போன்ற பண விஷயங்கள் கைப்பேசிக்கு வந்தன. சேர்வது எளிது, ஆனால் இத்தகைய திறந்த படிப்புகளில் பத்தில் ஒருவர்கூடப் பெரும்பாலும் முடிப்பதில்லை. அஞ்சல்வழிக் காலத்திலும் இதே நிலைதான் என்று ஊகிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஓடிடி தளங்கள் செலவுக்கு மேல் ஒரு தொகை வைத்து உரிமையை மொத்தமாக வாங்கும்போது, வருவாய் வரிசையின் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. பணம் வழி மாறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பாடத்திட்டம் மாறுகிறது. பீட்டர் ஸ்டார்க் படிப்பு தொடங்கிய 1979இலும் அப்படித்தான் நடந்தது.

இந்தியாவில் புனே கல்லூரி 2017இல் ஸ்கிஃப்ட் என்ற பெயரில் ஊர் ஊராகக் குறுகியகாலப் படிப்புகளை நடத்தத் தொடங்கியது. 2020 பொதுமுடக்கத்தில் அவை இணையத்துக்கு நகர்ந்தன. பணமும் வழி மாறிக்கொண்டிருந்தது: அதே 2020 மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ என்ற தமிழ்ப் படம் அரங்குகளைத் தாண்டி நேரடியாக ஓடிடியில் வெளியானது. திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தார்கள்.

ஆனால் ஃபியூச்சர்லேர்னின் பிரிட்டிஷ் படிப்பை முடித்துவிட்டு வரும் சென்னை இளைஞருக்கு இங்கே பாதி விஷயம் புரியாது. இங்குள்ள வணிக மொழி அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவின் விநியோக அலுவலகங்களில் பிறந்தது. என்.எஸ்.சி. என்றால் பழைய வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள். அந்த மாவட்டங்கள் உடைந்து பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் விநியோக ஏரியா மாறவில்லை. எம்.ஜி. என்றால் திரும்பக் கேட்க முடியாத உறுதித்தொகை. அட்வான்ஸ் என்றால் படம் ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டிய பணம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் கையெழுத்துப் போட்ட முதல்படத் தயாரிப்பாளர்கள் ஏராளம். 2018 மார்ச்சில் டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தினார்கள். அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்பது இங்கே படத்தின் பட்ஜெட்டில் உட்காரும் கேள்வி.

கடனுக்கான பிணையும் இப்படித்தான். ஃபிலிம் காலத்தில் ஃபைனான்சியர் லேபிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வார். அவர் சம்மதம் இல்லாமல் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட முடியாது. லேப்கள் மூடப்பட்டன. இப்போது அரங்கின் சர்வரில் படத்தைத் திறக்கும் கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி அந்த இடத்தில் இருக்கிறது. பாக்கி தீரும்வரை சாவி வராது, அதனால் காலைக் காட்சி ரத்தாகும், பேச்சுவார்த்தை விடிய விடிய நடக்கும். இதைக் கற்றுத்தருகிறவர்கள் தயாரிப்பு நிர்வாகிகள்தான், அதுவும் வெளியீட்டுக்கு முந்தைய இரவில்.