வாயுக்களின் விதியும் ஒரு பம்பாய் ஆசிரியரும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அதன் பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று முதலில் எளிதாக இடங்கொடுக்கும். போகப் போக முரண்டு பிடிக்கும். கையைத் தளர்த்தினால் பிடியைத் திருப்பித் தள்ளும். கண்ணுக்குப் புலப்படாத காற்றுக்கு இவ்வலிமை எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு உறுதியான விடை காண மேலைநாட்டு அறிஞர்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அவ்விடையை உரிய காலத்துக்கு முன்பே எழுதி அனுப்பிய ஒருவர், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் என்பதைப் பலர் அறியார்.

வாயுக்களின் போக்கை முதன்முதலாக அளந்து காட்டியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ராபர்ட் பாயில். ஒரு முனை மூடியதும் கொக்கிபோல் வளைந்ததுமான நீண்ட கண்ணாடிக் குழாயில் அவர் பாதரசத்தை ஊற்றினார். மூடிய முனையில் சிக்கிய காற்றின் மேல் வளிமண்டலத்தின் பாரத்தோடு அதற்கு ஈடான பாதரசத்தின் பாரமும் சேர்ந்தபோது, அக்காற்று சரியாகப் பாதி இடத்தில் ஒடுங்கியது. அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதியாகும், அழுத்தம் மும்மடங்கானால் கன அளவு மூன்றில் ஒன்றாகும் என்னும் விதியை 1662ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருக்கும் வரையில் இவ்விதி செல்லும்.

வெப்பநிலை மாறினால் நேர்வது என்ன? ஹைட்ரஜன் நிரப்பிய கூண்டில் ஏறி 1783ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பாரிஸ் நகரில் வானில் பறந்த ஜாக் சார்ல்ஸ் இதனை ஆராய்ந்தார். ஆனால் தம் முடிவுகளை வெளியிடவில்லை. 1802இல் கே-லுசாக் இதனை நுட்பமாக அளந்து வெளியிட்டபோது, சார்ல்ஸின் முன்முயற்சியையும் மறவாமல் குறிப்பிட்டார். எந்த வாயுவாயினும், அழுத்தம் மாறாதிருக்க, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறுந்தோறும் அது ஒரே அளவாக விரிகிறது. பிற்காலத்தார் திருத்தமாகக் கண்டபடி, அவ்விரிவு பூச்சிய டிகிரியில் உள்ள கன அளவில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு. ஆகவே பூச்சியத்துக்குக் கீழே 273 டிகிரியைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணினால், கன அளவு வெப்பநிலைக்கு நேர் விகிதமாகிறது. இவ்வாறு எண்ணுவதையே தனி வெப்பநிலை என்கிறோம்.

சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் உள்ள வாயுக்களின் சம கன அளவுகளில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் உண்டு என்று இத்தாலியரான அவகாட்ரோ 1811இல் கூறினார். பிரெஞ்சுப் பொறியியலாளரான கிளாப்பெய்ரான், பாயிலின் விதியையும் கே-லுசாக்கின் விதியையும் 1834இல் ஒரே சமன்பாட்டில் இணைத்தார். அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வருவது, வாயுவின் அளவையும் அதன் தனி வெப்பநிலையையும் பெருக்கி வருவதற்கு நேர் விகிதம் என்பதே இலட்சிய வாயு விதியின் சாரம். காலையில் 27 டிகிரியில் இருந்த மோட்டார் சக்கரத்தின் காற்று, நண்பகல் வெயிலில் 57 டிகிரியை எட்டுகிறது என்று கொள்வோம். தனி வெப்பநிலை 300இலிருந்து 330 ஆகிறது. சக்கரம் அதிகம் விரியாமையால், உள்ளிருக்கும் மொத்த அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உயர்கிறது.

விதி கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. வாயுவின் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதாகக் கொண்டால் பாயிலின் விதி கிடைக்கும் என்று நியூட்டன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அவர் அதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. பின்வந்தோர் பலர் அப்படியே கொண்டனர். வெப்பம் என்பது நுண்ணிய ஒரு பாய்மம் என்னும் கொள்கையும் அன்று ஓங்கியிருந்தது. துகள்கள் ஓயாது பறந்து சுவரில் மோதுவதே அழுத்தம் என்று டேனியல் பெர்னூலி 1738இலேயே எழுதியிருந்தும், அதனைப் போற்றியவர் சிலரே. 1820இல் ஹெராபத் என்பவர் இத்தகைய கருத்தை லண்டன் ராயல் சங்கத்துக்கு அனுப்பியபோதும் அது ஏற்கப்படவில்லை.

இந்நிலையில்தான் ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். 1811இல் எடின்பரோவில் பிறந்த அவர், 1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணாக்கருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகப் பம்பாய்க்கு வந்தார். ஓய்வு நேரங்களில் அந்நகரின் கிராண்ட் கல்லூரி நூல்நிலையத்தில் பயின்றார். அறிஞர் குழாங்கள் கூடும் லண்டனோ பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்தது. 1845ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நீண்டதொரு கட்டுரையை ராயல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்.

அதன் கருத்து எளியது. மூலக்கூறுகள் எத்திசையிலும் விரைந்து பாய்ந்து, ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதி, விரைவு குன்றாமல் மீள்கின்றன. ஒரே இடத்தில் அவற்றின் எண்ணிக்கை இரட்டித்தால் மோதல்களும் இரட்டிக்கும், அழுத்தம் இரட்டிக்கும். இது பாயிலின் விதி. விரைவு இரட்டித்தாலோ ஒவ்வொரு மோதலின் வலிமையும் இரட்டிக்கிறது, மோதல்களின் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது. ஆக அழுத்தம் நான்கு மடங்காகிறது. எனவே விரைவின் வர்க்கத்தோடு இணைந்த இயக்க ஆற்றலே வெப்பநிலையின் அளவு. மேலும், ஒரே வெப்பநிலையில் கலந்திருக்கும் இரு வாயுக்களில் பளுவான மூலக்கூறு மெதுவாகவும் இலேசான மூலக்கூறு விரைவாகவும் செல்ல, சராசரி ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்றும் அவர் கண்டார். ஆக்ஸிஜனைவிட 16 மடங்கு இலேசான ஹைட்ரஜன் மூலக்கூறு நான்கு மடங்கு விரைவாகப் பறப்பது இதனால்தான்.

கட்டுரை 1846இல் சங்கத்தில் படிக்கப்பட்டது. ஆனால் அதனை மதிப்பிட்டவருள் ஒருவர், அது வெறும் பிதற்றல், சங்கத்தில் படிப்பதற்கே தகுதியற்றது என்று தீர்ப்பளித்தார். சிறு சுருக்கம் மட்டும் அச்சேறியது. சங்கத்தின் வழக்கப்படி மூலப்பிரதி ஆவணக் காப்பில் வைக்கப்பட்டது. ஆசிரியரிடம் திரும்பி வரவில்லை. அவரிடமோ வேறு பிரதி இல்லை.

பின்னர் 1857இல் ஜெர்மானியரான கிளாசியஸும், 1860இல் மாக்ஸ்வெல்லும் இதே கொள்கையை நிலைநாட்டிப் பெரும் புகழ் எய்தினர். 1857இல் தாயகம் திரும்பிய வாட்டர்ஸ்டன், 1883ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருநாள் எடின்பரோவில் வீட்டை விட்டு வெளியே சென்றார், மீளவில்லை.

1891இல் ராயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ரேலி பிரபு, ஒலியைப் பற்றி வாட்டர்ஸ்டன் 1858இல் எழுதியதொரு கட்டுரையில் இப்பழைய ஏட்டைப் பற்றிய குறிப்பைக் கண்டு, காப்பகத்தில் தேடி எடுத்தார். அதில் சில பிழைகள் இருந்தன எனினும், அதன் பெருமையை உணர்ந்து, தம் முன்னுரையுடன் 1892இல் அச்சிடச் செய்தார். அக்கட்டுரை அன்றே வெளிவந்திருந்தால் இத்துறை பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னேறியிருக்கும் என்பது அவர் கருத்து. எனினும், பெயர் அறியப்படாத இளைஞர்கள் முதலில் எளிதில் மதிப்பிடத்தக்க சிறு ஆராய்ச்சிகளால் பெயர் பெற்று, அதன் பின்னரே பெருங்கருத்துக்களைக் கூறத் துணிவது நலம் என்றும் அவர் அறிவுரை பகர்ந்தார்.

நடைமுறை அறிந்தவரின் சொல் அது, ஐயமில்லை. ஆயினும் அதை அப்படியே ஏற்பதற்கு மனம் ஒப்பவில்லை. பெயரைக் கேட்டபின் கருத்தைக் கேட்பது எளிது. கருத்தைக் கேட்டபின் பெயரைக் கேட்பதே அறிவுக்கு அழகு. பிறந்த ஊரை விட்டுத் தொலைதூரத்தில் தொழில் செய்து, ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்தை நாடும் எவருக்கும் வாட்டர்ஸ்டனின் வாழ்க்கை நெருக்கமாகவே தோன்றும். இலட்சிய வாயு விதி எந்த வாயுவுக்கும் முற்றிலும் பொருந்துவதன்று. மிகுந்த அழுத்தத்திலும் கடுங்குளிரிலும் அது பிறழ்வதை வான் டெர் வால்ஸ் 1873இல் விளக்கினார். பிறழும் இடம் கண்டால் விதியைத் திருத்திக்கொள்ள அறிவியல் தயங்குவதில்லை. அறிஞர் அவைகளும் தம் தீர்ப்புக்களை அவ்வாறே திருத்திக்கொள்கின்றன. ஆனால் அதற்குள் ஒரு மனிதரின் ஆயுள் முடிந்துவிடலாகாது.