தாமரையின் தவம்: மலையகக் கூத்திலே பிள்ளையின்மைத் துயர்

திருக்குறளிலே மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் உண்டு; மக்களைப் பெறாதார் மனநிலைக்கு அதிகாரம் இல்லை. நமது எழுத்திலக்கியத்தின் பொதுப்போக்கும் இதுவே எனலாம். பேறு எய்தியோர் பாடப்பட்டனர். எய்தாதோர் ‘மலடி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருப்பினும் வழக்கில் அதனைக் கேட்பது அரிது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

எனவே இத்துயரின் வரலாற்றை அறிய விழைவோர் நாட்டார் வழக்காற்றையே நாட வேண்டியுள்ளது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு வைத்தெண்ணப்படும் பொன்னர் சங்கர் கூத்து இவ்வகையில் முக்கியமானதொரு சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும், 1867இன் பின்னர் தேயிலைக்கும், அதனையடுத்து றப்பருக்குமாக இலங்கையின் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையையும் உடன்கொண்டு வந்தனர். இக்கதையை வீரயுகக் கதையாக நோக்கியோர் பலர். அதன் முற்பகுதி பிள்ளையின்மை பற்றியது என்பது போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இற் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்து, 1982இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்த வடிவத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். பசுக்கள் மடிந்த பாவத்துக்காகக் கோளாத்தாக் கவுண்டரின் குலம் ஏழு தலைமுறைக்குப் பிள்ளையற்றுப் போகுமாறு சிவன் சபிக்கிறார். அக்குலத்து வாரிசான குன்னுடையானை மணந்தவள் தாமரை. சாபம் கணவன் வழியது. ஆயினும் மலடி எனப்படுபவள் மனைவி. கதை இந்த முரண்பாட்டை விளக்க முற்படவில்லை. கேட்போருக்கு அது புதிதன்று போலும். சீர்வரிசையோடு பிறந்தகம் செல்லும் தாமரையை, சகோதரரின் வாயிற்காவலன் அடித்து விரட்டுகிறான். மலடியின் கண் தம் பிள்ளைகள் மீது படலாகாது என்ற அச்சமே காரணம். பிள்ளை இல்லை என்ற ஏக்கத்தை அவள் பல்லாண்டு தாங்கியவள். தாய்வீட்டு வாயில் மூடப்பட்டதையே அவளால் தாங்க முடியவில்லை. பின்னர் 21 ஆண்டுகள் தவக்கம்பத்தின் மேல் நிற்கிறாள். மாண்டு மாண்டு மீள்கிறாள். பொன்னரும் சங்கரும் தங்காளும் பிறக்கின்றனர்.

இக்கதை தோட்டத்திலே நிலைத்தமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. வீடும் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்த வாழ்வு அது. பிள்ளை வளர்ந்து தோட்டத்திற் பெயர் பதிந்தாலன்றி முதுமையில் லயத்து அறை நிலைப்பது அரிது. மேலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் அமைந்த லயத்திலே ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டின் செய்தி. தாமரைக்கு ஒரு வாயில். லயத்துப் பெண்ணுக்கோ பீலிக்கரையும் கொழுந்து மலையும் பிள்ளைக்காம்பராவும் அவ்வாயில்களே.

இத்துயரை ஆற்ற மக்கள் கண்ட வழி நேர்த்தியாகும். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியிலே மலைத் தோட்டங்கள் முடிந்து வரண்ட சமவெளி தொடங்குமிடத்தில் எம்பிலிப்பிட்டிய அமைந்துள்ளது. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்தார் கதிர்காமம் செல்ல இறங்கும் வழியும் அதுவே. பிள்ளை வரம் வேண்டி அங்கு செல்வோரிற் சிங்களவரும் தமிழரும் உளர். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலோ, திரௌபதையம்மன் விழாவில் அருச்சுனனாக நடிப்பவன் தபசு மரத்தில் ஏறும்போது, பிள்ளையற்ற பெண்கள் ஈரச் சேலையோடு அடியிற் கிடந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் காத்திருப்பர். இவற்றால் கரு உண்டாகும் என நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் காத்திருத்தலுக்கு ஒரு வடிவமும், அழுவதற்கு ஓர் இடமும், உடன் காத்திருப்போர் சிலரும் அப்பெண்ணுக்குக் கிடைத்தமை மறுக்கவியலாது.

நவீன மருத்துவம் இத்துயரின் காரணத்தை விளக்கியது, தனிமையை அகற்றவில்லை. 1978 யூலை 25ஆம் நாள் இங்கிலாந்திலே லூயிஸ் பிரவுண் பிறந்தாள். பத்து வாரங்களில், ஒக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவிலே வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்க்கா எனப் பெயரிடப்பட்ட குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். குழந்தையின் பெற்றோரோ ஊர்ப்பேச்சுக்கு அஞ்சித் தம்மை வெளிப்படுத்த விரும்பவில்லை. பிள்ளை பிறந்த பின்னரும் வாயில் திறக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிகிச்சையும் ஒரு தவமே. ஊசி, பரிசோதனை, மாதந்தோறும் நம்பிக்கை, மாதந்தோறும் ஏமாற்றம். அலிஸ் டோமாரும் பிறரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இப்பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளர், இருதய நோயாளரின் நிலையோடு ஒப்பிடத்தக்கவை எனக் காட்டியது. அமெரிக்காவிலே பார்பரா எக் மெனிங் என்னும் தாதி 1974இலேயே ‘றிசோல்வ்’ அமைப்பைத் தொடங்கி, ஒரே துயருடையோர் கூடிப் பேச வழிசெய்தார். தபசு மரத்தடியிற் கூடிய பெண்கள் அறிந்திருந்ததையே அவர் வேறு வழியிற் கண்டார் என்பது என் துணிபு.

தோட்டத்துப் பெண்ணின் கருப்பையில் அரசும் நிருவாகமும் கொண்ட அக்கறை வேறு வகையானது. 1980களிலே குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பணக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. தோட்டங்களில் அது ஊக்கமாக நடத்தப்பட்டது. பிள்ளை மிகுதி ஒரு பிரச்சினையாகக் கணக்கெடுக்கப்பட்டது. பிள்ளையின்மை அவ்வாறு எண்ணப்படவில்லை. ஆறுபேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023இற் கூறியது. இன்றும் தொலைநகர்க்குச் சிகிச்சைக்குச் செல்லும் தோட்டப் பெண்ணுக்கு அன்றைய பேர் இல்லை. குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது தெரிந்த விடயமே. ஆணுக்குரிய முதற் பரிசோதனையும் எளிதானது, செலவு குறைந்தது. ஆயினும் மனைவி கோயில்களையும் மருந்துகளையும் ஆண்டுக்கணக்கிற் சுற்றிய பின்னரே அதற்கு இசையும் கணவர் நம்மிடையே உளர். அதுவரை லயத்திலே வழங்கும் சொல் அவளுக்குரியதாகவே இருக்கிறது.