பொருந்தாத அட்டைக்கு ஒரு தனிப் பெட்டி

இன்னைக்கு ஆபீஸ்ல பலருக்கும் பழக்கமான ஒரு வேலையோட வரலாறு. பழைய லிஸ்ட் ஒரு ஷீட்ல இருக்கும், திருத்தின லிஸ்ட் இன்னொரு ஷீட்ல வரும். ஐடியை வெச்சு ரெண்டையும் பொருத்தி, மாறினதை மட்டும் அப்டேட் பண்ணணும். இதுக்கு ஒரு எக்செல் மேக்ரோ எழுதுவோம். ஆனா இந்த வேலை எக்செலை விட, ஏன், கம்ப்யூட்டரை விடவே பழசு.

1935 ஆகஸ்ட் 14. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு தொழிலாளி வாழ்நாள் முழுக்க வாங்கிய சம்பளத்தைப் பதிவு செய்து, அந்தக் கணக்கை வைத்து முதுமையில் பென்ஷன் தர வேண்டும். ஆரம்பத்திலேயே சுமார் 2.6 கோடி பேர். பெயரை வெச்சுத் தேடினா, ஒரே பெயர்ல ஆயிரக்கணக்கானவங்க இருப்பாங்க. அதனால் ஆளுக்கு ஒரு 9 இலக்க எண் கொடுத்தார்கள். பதிவுகள் எல்லாம் துளையிட்ட அட்டைகளில், பால்டிமோர் நகரத்துக் கட்டடம் ஒன்றில் சேர்ந்தன.

புதிய சம்பளக் கணக்கு வரும்போதெல்லாம் புதிய அட்டைக் கட்டும் வரும். பழைய கட்டோடு அதை எப்படிப் பொருத்துவது? இந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் ஐபிஎம் 077 கொலேட்டர், 1937ல்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. முதலில் இரண்டு கட்டையும் எண் வரிசையில் அடுக்கணும். பிறகு மெஷின் இரண்டின் முதல் அட்டைகளை மட்டும் ஒப்பிடும். எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் சேரும். இல்லையென்றால், சின்ன எண் உள்ள அட்டை நகரும், அதன் இடத்துக்கு அடுத்தது வரும். ஒரே ஓட்டத்தில் வேலை முடிந்துவிடும்.

இப்ப நம்ம மேக்ரோவுக்கு வருவோம். தலா 10,000 வரிசை உள்ள ரெண்டு ஷீட்ல, லூப்புக்குள்ள லூப் போட்டா 10 கோடி ஒப்பீடு வரைக்கும் போகும். ரெண்டையும் வரிசைப்படுத்திட்டு கொலேட்டர் மாதிரி நடந்தா, 20,000 அடிக்குள்ள முடியும். விலுக்கப் ஃபார்முலாவிலும் இதன் வாசனை உண்டு. கடைசி இடத்தை நிரப்பாம விட்டா, லிஸ்ட் ஏற்கெனவே வரிசையில இருக்குன்னு அது நம்பிடும். இல்லேன்னா சத்தமே இல்லாம தப்பான விடையைக் கொடுக்கலாம்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது வேகம் இல்லை. கொலேட்டரில் அட்டைகள் விழ நான்கு பெட்டிகள் இருந்தன. பொருந்தாத அட்டையைத் தனிப் பெட்டியில் விழ வைக்கலாம். அலுவலகமும் அப்படித்தான் நடந்துகொண்டது. பெயரும் எண்ணும் ஒத்துப்போகாத சம்பளப் பதிவுகளுக்கென்று 1937 முதலான ஒரு தனிக் கோப்பே இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிய பெண், எண்ணில் ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதிய முதலாளி, இப்படி எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அந்தப் பதிவு உரியவரிடம் போய்ச் சேராவிட்டால், அவர் உழைத்த மாதங்கள் பென்ஷன் கணக்கில் வராது. தனியே வைத்திருந்தால், பிறகாவது தேடிக் கொடுக்கலாம்.

நாம என்ன பண்றோம்? பொருந்தலைன்னா எர்ரர் அசிங்கமா தெரியுதேன்னு இஃப்எர்ரர் போட்டு, செல்லைக் காலியா விட்டுடறோம். ஷீட் அழகா ஆயிடும், ஆள் காணாமப் போயிடுவார். சம்பளப் பட்டியல், உதவித்தொகை, மார்க் லிஸ்ட்னு எதுவா இருந்தாலும், அந்த வரிசைக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருக்கார்.

அதனால அடுத்த மேக்ரோவில் மூணாவதா ஒரு ஷீட் சேருங்க. பொருந்தாதது எல்லாம் அங்கே போகட்டும். முடிவில் எண்ணிப் பாருங்க: பொருந்தினதும் பொருந்தாததும் சேர்ந்து, வந்த மொத்தத்துக்குச் சமமா இருக்கணும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்!