டவுன் என்றால் என்ன? உங்க ஊர் டவுனா, கிராமமா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஊருக்கு போன் போடுகிறீர்கள். “அப்பா டவுனுக்குப் போயிருக்காங்கப்பா, சாயந்திரம்தான் வருவாங்க” என்கிறார் அம்மா. பஸ் ஸ்டாண்டு, பேங்க், நகைக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிற அந்த இடம் உங்கள் கண் முன்னால் வந்துவிடுகிறது. அது நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்று நீங்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அதே அப்பா ஒரு ஏக்கர் நிலத்தை விற்கப் போகிறார் என்றாலோ, நீங்கள் லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள் என்றாலோ அந்தக் கேள்வி வந்துவிடும். ஏனென்றால் நாம் வாயால் சொல்லும் டவுன் வேறு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் டவுன் வேறு, சட்டத்தின் டவுன் வேறு. மூன்றும் ஒரே இடத்தைக் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வாய்வழக்கில் டவுன்

பேச்சில் ‘டவுன்’ என்பது கடைகண்ணி இருக்கிற மையம், அவ்வளவுதான். திருநெல்வேலிக்காரரிடம் டவுன் எங்கே என்று கேட்டால், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியைக் காட்டுவார். அது மாநகராட்சியின் ஒரு பகுதி. ஆனாலும் ஜங்ஷன் வேறு, பாளையங்கோட்டை வேறு, டவுன் வேறு! சென்னையில் ஜார்ஜ் டவுன் என்பது ஒரு பேட்டை. பெங்களூரில் நீங்கள் வாடகைக்கு வீடு தேடும் ஃப்ரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் எல்லாமே பழைய கன்டோன்மென்ட் பக்கம் உருவான குடியிருப்புப் பகுதிகள். பெயரில் டவுன் இருப்பதால் எதுவும் தனி ஊராகிவிடவில்லை.

‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்ற மனை விளம்பரத்திலும் டவுன் ஒளிந்திருக்கிறது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஆங்கிலச் சுருக்கம். மனைப்பிரிவின் வரைபடத்துக்கு அந்த இயக்ககத்தின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். மனை டவுனுக்குள் இருக்கிறது என்று பொருள் இல்லை. ஊராட்சிப் பகுதியில் உள்ள மனைக்கும் இதே ஒப்புதல்தான்.

கணக்கெடுப்பில் டவுன்

இங்கே இரண்டு வகை உண்டு. முதல் வகை சட்டபூர்வ டவுன்: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் போர்டு என்று அரசு முறையாக அறிவித்த இடங்கள். இரண்டாவது வகைதான் சுவாரசியமானது. அதன் பெயர் ‘சென்சஸ் டவுன்’.

ஓர் ஊர் சென்சஸ் டவுன் ஆக மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர் வசிக்க வேண்டும், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், ஆண்களில் முதன்மைத் தொழிலாளர்கள், அதாவது ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்பவர்கள், அவர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்திவிட்டால் கணக்கெடுப்பில் அது நகர்ப்புறம். நிர்வாகத்தில் மட்டும் அது பழையபடி கிராம ஊராட்சிதான். பஞ்சாயத்துத் தலைவர், பஞ்சாயத்து பட்ஜெட், பஞ்சாயத்துத் தண்ணீர்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனித்தீர்களா? ஆண்களின் வேலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஊரில் உள்ள பெண்கள் பாதிப் பேர் கார்மென்ட் கம்பெனிக்கு வேனில் போய்வந்தாலும் இந்தக் கணக்கில் அது வராது. பல பத்தாண்டுகளாகத் தொடரும் அளவுகோல் இது. இன்னும் ஏன் மாற்றவில்லை என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

2001-இல் நாட்டில் 1,362 சென்சஸ் டவுன்கள் இருந்தன. 2011-இல் அது 3,894 ஆகிவிட்டது. ஒரே பத்தாண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு. மேற்கு வங்கத்தில் 252-இலிருந்து 780. கேரளாவில் 99-இலிருந்து 461. அதாவது 2011-இல் அங்கிருந்த 520 டவுன்களில் பெரும்பாலானவற்றை கிராம பஞ்சாயத்துகளே நடத்தின. ‘கேரளாவில் பாதி நகரம்’ என்று படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே 1,097 டவுன்களில் 721 சட்டபூர்வமானவை, 376 சென்சஸ் டவுன்கள். காரணம், நம்மிடம் பேரூராட்சி என்ற அமைப்பு நெடுங்காலமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் டவுன் பஞ்சாயத்து. பெயரில் பஞ்சாயத்து இருந்தாலும் அது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு.

பெயர் மாறினால் பணமும் மாறும்

ஏன் இத்தனை ஊர்கள் டவுன் மாதிரி வளர்ந்தும் ஊராட்சியாகவே நிற்கின்றன? டவுன் ஆகிவிட்டால் வீட்டு வரி ஏறும், கட்டட அனுமதிக்கு விதிகள் இறுகும், ஊரகத் திட்டங்களின் பணம் நின்றுபோகும். 100 நாள் வேலைத் திட்டம் 2005-இல் சட்டமானபோதே ஊரகப் பகுதிக்கு மட்டும் என்றுதான் வந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களில் மக்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு இந்த இரண்டு பயங்களும் முக்கியக் காரணம்: வரி ஏறும், வேலை போகும்.

அரசே இந்த வழியில் போன வரலாறும் உண்டு. 2004-இல் தமிழ்நாடு அரசு 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ‘சிறப்பு கிராம ஊராட்சி’ என்று மாற்றியது. கிராமம் என்ற பெயர் இருந்தால்தான் ஊரக நிதி கிடைக்கும் என்பது கணக்கு. 2006-இல் மறுபடியும் அவை பேரூராட்சிகள் ஆயின. இடையில் அந்தத் தெருக்களும் கடைகளும் மாறவில்லை. போர்டு மட்டும் மாறியது.

மறுபக்க நஷ்டமும் பெரியது. குடிநீர், கழிவுநீருக்கான ‘அம்ருத் 2.0’ போன்ற மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டங்கள் சட்டபூர்வ டவுன்களுக்குத்தான். சென்சஸ் டவுனில் நாலு மாடி ஃபிளாட்டுகள் வரிசையாக எழும்பியிருக்கும். பாதாளச் சாக்கடை மட்டும் இருக்காது. இரவில் கழிவுநீர் லாரிகள் வரிசையில் நிற்கிற புறநகர்களில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஐடி ஊழியர்கள் நன்கு அறிந்த இரண்டு இடங்களையே பாருங்கள். புனேவின் ஹிஞ்சவடி, நாடறிந்த ஐடி பார்க். ஆனால் நீண்டகாலமாக அது கிராம பஞ்சாயத்துப் பகுதி. மழை வெள்ளமும் டிராஃபிக்கும் தாங்காமல், பக்கத்தில் உள்ள பிம்ப்ரி சிஞ்ச்வாட் மாநகராட்சியோடு சேர்க்கச் சொல்லும் கோரிக்கை 2025-இல் வலுத்தது. நொய்டா இன்னும் விசித்திரம். 2011-இல் 6.37 லட்சம் பேர் வசித்த அந்த நகரம் கணக்கெடுப்பில் ‘சென்சஸ் டவுன்’ என்றே பதிவானது. அங்கே அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி இல்லை. 1976-இல் அமைந்த தொழில் வளர்ச்சி ஆணையம்தான் நிர்வாகம் நடத்தியது. அரசியல் சாசனத்தின் 243க்யூ பிரிவு ‘தொழில் டவுன்ஷிப்’ என்ற விதிவிலக்குக்கு இடம் தருகிறது. பில்டர் பிரோஷரில் வரும் ‘இன்டக்ரேட்டட் டவுன்ஷிப்’ அதுவல்ல. இது வெறும் மார்க்கெட்டிங் பெயர். கேட்டுக்கு வெளியே ரோடு போடுவது யார் என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிலம் விற்கும்போது

‘கிராமத்து விவசாய நிலத்துக்கு வரி இல்லை’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. வருமான வரிச் சட்டம் பார்ப்பது ஊரின் தோற்றத்தை அல்ல. 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகராட்சி அல்லது கன்டோன்மென்ட் எல்லைக்குள் நிலம் இருந்தால், அது ஊரக விவசாய நிலம் ஆகாது. எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரத்தை அளக்க வேண்டும்: அந்த நகராட்சியில் 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை மக்கள் என்றால் 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. ரோட்டுத் தூரம் இல்லை, நேர்க்கோட்டுத் தூரம்.

பேரூராட்சியை நகராட்சி என்று சொல்ல மாட்டோமே, தப்பித்துவிடலாமா? முடியாது. ‘டவுன் கமிட்டி’ முதல் ‘வேறு எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்’ என்பது வரை சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் ஊராட்சி நடத்தும் சென்சஸ் டவுன், அந்தத் தகுதியால் மட்டும் இந்த வரையறைக்குள் வராது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

‘டயர்-2 சிட்டி’ யாருடைய கணக்கு?

எச்ஆர் சொல்லும் டயர்-2 சிட்டி கோவை, மதுரை. ரிசர்வ் வங்கியின் கிளை வகைப்பாட்டில் 1 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருந்தாலே டயர்-1. 50,000 முதல் 99,999 வரை டயர்-2. அந்தக் கணக்கில் கோவையும் மும்பையும் ஒரே டயர்! மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கு எக்ஸ், ஒய், இசட் என்று இன்னொரு வகைப்பாடு. சென்னை எக்ஸ், கோவை ஒய். சம்பளம் பேசும்போது ‘உங்க ஊர் டயர்-2’ என்று யாராவது குறைத்தால், எந்தப் பட்டியலின்படி என்று கேட்கலாம். தப்பில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்புத் தேதி நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1. அதற்காக ஊர் எல்லைகள் 2025 டிசம்பர் 31-உடன் உறைய வைக்கப்பட்டன. உங்கள் ஊர் இப்போது எந்த டவுன் என்று தெரிய வேண்டுமென்றால், வீட்டு வரி ரசீதை எடுத்து மேலே உள்ள அலுவலகத்தின் பெயரைப் பாருங்கள். ஊராட்சி என்று இருந்தால், பக்கத்தில் மெட்ரோ ரயிலே ஓடினாலும், குப்பை எடுக்கவில்லை என்ற புகாரை நீங்கள் கொண்டுபோக வேண்டிய இடம் பஞ்சாயத்து ஆபீஸ்தான்.