தட்டை மேற்பலகையின் வரலாறு: மலிவான மாண்டலினைத் தேர்வோர்க்கு ஒரு குறிப்பு

மாண்டலின் குறித்து எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவிகளின் வரலாறுகளே. அருங்காட்சியகங்கள் காப்பவையும், சேகரிப்பாளர்கள் ஏலத்தில் எடுப்பவையும் சிறந்த கைவினைஞர் செதுக்கிய கருவிகள்தாம். எளிய மக்கள் வாங்கி, வாசித்து, தேய்ந்துபோன கருவிகள் எந்தக் கண்ணாடிப் பேழைக்குள்ளும் இடம்பெறுவதில்லை. இதன் விளைவாக, தட்டையான மேற்பலகை கொண்ட மாண்டலின் 'தொடக்க மாணவருக்கானது', 'உண்மையான மாண்டலினின் மலிவுப் படி' என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே இப்பதிவின் வாதம். குறைந்த பணத்தில் கருவி வாங்க நினைக்கும் மாணவருக்கு இவ்வாதத்தால் நேரடிப் பயனும் உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் உருப்பெற்ற மாண்டலின், குடுவை போன்ற உருண்ட முதுகுடையது. மெல்லிய மரப்பட்டைகள் பலவற்றை வளைத்து ஒன்றோடொன்று ஒட்டி அம்முதுகைச் செய்தனர். நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள். சுருதி அமைப்பு வயலினுடையது. வினாச்சியா குடும்பத்தார் இக்கருவியின் புகழ்பெற்ற கைவினைஞர்கள். 1878இல் ஸ்பானிய மாணவர் இசைக்குழு ஒன்று பாரிஸ் சென்றது; அதே பாணியிலான மற்றொரு ஸ்பானியக் குழு 1880இல் நியூயார்க் சென்றது. அவர்கள் வாசித்தது பந்தூரியா என்னும் வேறொரு கருவி. ஆயினும் அங்குக் குடியேறியிருந்த இத்தாலியக் கலைஞர்கள் அதே பாணியில் மாண்டலின் குழுக்களை அமைக்க, அமெரிக்காவில் மாண்டலின் மோகம் பரவியது. சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி வணிக நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் வழியே உழவர் வீடுகளுக்கும் மாண்டலின் சென்று சேர்ந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த ஓர்வில் கிப்சன், வயலினைப் போல மேற்பலகையைச் செதுக்கி வளைவு தரும் முறைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் நிறுவனம் தொடங்கியது 1902இல். செதுக்கும் முறையில் தடித்த மரத்துண்டின் பெரும்பகுதி சீவலாகக் கழிந்துவிடும். தேர்ந்த கைகளின் உழைப்பும் நெடுநேரம் தேவை. தட்டைப் பலகையையோ சில மில்லிமீட்டர் கனத்திற்கு இழைத்து, உட்புறம் தாங்குகட்டைகளை ஒட்டினால் போதும். விலை வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. செலவிடப்படும் மரத்தையும் உழைப்பையும் பொறுத்த வேறுபாடு அது. ஒலியின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று.

இதற்கு அந்நிறுவனத்தின் வரலாறே சான்று. முதல் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில், படைவீரர்களை மனத்திற்கொண்டு 'ஆர்மி நேவி' என்னும் மாதிரியை அது வெளியிட்டது. மேலும் கீழும் தட்டை, அலங்காரம் அறவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து, 1922இல், லாயிட் லோர் மேற்பார்வையில் எஃப்-5 என்னும் செதுக்கிய கருவி வெளிவந்தது. அப்போது மாண்டலின் மோகமே தணிந்துகொண்டிருந்தமையால் அந்த உயர்வகைக் கருவி வணிகத்தில் வெற்றி பெறவில்லை. 1940களில் பில் மன்றோ 1923ஆம் ஆண்டின் எஃப்-5 ஒன்றை வாங்கிப் புளூகிராஸ் இசையை வளர்த்தெடுத்த பின்னரே அதற்கு இன்றைய மதிப்பு வந்தது. ஒரு கருவியின் 'தரம்' அதை வாசித்த இசையோடு சேர்ந்தே பின்னோக்கிக் கட்டமைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வேறு இசைகள் வேறு உடல்களைத் தேர்ந்தன. பிரேசிலின் சோரோ இசையில் ஜாகோப் தோ பாந்தோலிம் (1918–1969) புகழ்பெறச் செய்த பாந்தோலிம், போர்த்துகீசிய மரபில் வந்த தட்டை முதுகுக் கருவி. அயர்லாந்தின் நாட்டார் இசைக் கலைஞர் பலர் வட்டமான ஒலித்துளை கொண்ட தட்டைக் கருவிகளின் நீண்ட, இனிய கார்வையை விரும்புகின்றனர். செதுக்கிய கருவியின் வெட்டுத்தெறிப்பான ஒலி தாளத்தை நிறுத்தப் பயன்படும். தட்டைக் கருவி ஒலியை நீட்டிப் பாட உதவும்.

இந்திய வரலாறும் இதையே உணர்த்துகிறது. இந்தித் திரையிசையில் சஜ்ஜாத் உசேன் மாண்டலினில் இந்துஸ்தானி இசையின் கமகங்களை வாசித்துக் காட்டினார். இசையமைப்பாளராவதற்கு முன்னர் லக்ஷ்மிகாந்த் மாண்டலின் கலைஞராகவே அறியப்பட்டார். பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இணைத் தந்திகளை விடுத்து, ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கருநாடக இசையை நிலைநிறுத்தினார். செதுக்கிய பலகையின் பெருமை அங்கே முற்றிலும் பொருளற்றதாயிற்று. கருவியின் உடலைத் தீர்மானித்தது இசையின் தேவையே.

ஆகவே, வாங்க விரும்பும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது 'எது உயர்ந்தது?' என்பதன்று; 'எந்த இசைக்கு?' என்பதே. தொகை சிறியதாயின், அதே விலையில் கிடைக்கும் வளைவுக் கருவியைவிடத் தட்டைக் கருவியே பெரும்பாலும் நல்ல தேர்வு. மலிவான வளைவுக் கருவிகள் பலவற்றில் மேற்பலகை செதுக்கப்படுவதில்லை. ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்திருப்பர். தோற்றத்திற்குச் செலவான பணம் ஒலிக்குச் சேர்வதில்லை.

சோதிக்க வேண்டியவை சில. ஒலித்துளையின் விளிம்பை உற்றுநோக்குக: மேற்பரப்பின் மரவரிகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுமரம், அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்கு நிகரான விசையால் இழுக்கின்றன. எனவே குதிரையின் அடியில் பலகை குழிந்துள்ளதா, கழுத்து வளைந்துள்ளதா, கழுத்தும் உடலும் சேருமிடத்தில் பிளவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி 2 மில்லிமீட்டர் அளவில் நின்றால் விரல் நோகாது. அந்த மெட்டுக்கு நேரே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டும் சுரமும் அழுத்தி மீட்டும் சுரமும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் முதலில் குதிரையை நகர்த்திப் பார்க்கலாம், அது ஒட்டப்பட்டதன்று. நகர்த்தியும் பிழை தீராத கருவியை விட்டுவிடுவதே நன்று. தட்டைப் பலகைக்கு மெல்லிய தந்திகளே பாதுகாப்பானவை.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் கணக்கிற்கொள்ள வேண்டும். கொல்கத்தா, மும்பை மழைக்கால ஈரத்தில் மரம் உப்பும். தில்லியின் வறண்ட கோடையில் சுருங்கி வெடிக்கும். ஊர் மாறிப் படிக்கச் செல்லும் மாணவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்தே காப்பது நலம். இவ்வகையில் ஒட்டுப்பலகைக்கும் ஒரு நியாயம் உண்டு: ஒலி சற்றுக் குன்றினும் அது எளிதில் வெடிப்பதில்லை.

இறுதியாக, ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய தட்டை மாண்டலின் இருப்பின், அதை எறிவதற்கு முன் அளவுகளையும், உள்ளே ஒட்டிய பெயர்ச்சீட்டையும், பழுதுபார்த்த தடங்களையும் பதிவு செய்யுங்கள். யார் வாங்கினார், எங்கே, என்ன விலைக்கு, எந்தப் பாடலை வாசித்தார் என்பதை மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். விலையுயர்ந்த கருவிக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. மலிவான கருவியின் வரலாறு அதை வைத்திருப்போர் எழுதினால்தான் எஞ்சும்.