வன்னிக்காக விழுந்த தலைகள்

தார் பாலைவனத்தில் வன்னி மரம் நின்றால் ஆட்டுக்குத் தழை உண்டு, வீட்டுக்குக் கறி சமைக்கக் காய் உண்டு. அந்த நன்றிக்கு மத நெறியிலேயே இடம் கொடுத்தார் குரு ஜம்பேஸ்வரர். 1485-இல் அவர் வகுத்த 29 விதிகளை ஏற்றவர்களே பிஷ்னோய்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. விறகு வீணாகுமே என்று இறந்தவர்களைக்கூட எரிக்காமல் புதைக்கிறவர்கள் இவர்கள்.

1730-இல் ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் ஆட்கள், அரண்மனை வேலைக்கான சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு தேடி கேஜர்லி கிராமத்துக்குக் கோடரியோடு வந்தார்கள். அவ்வூர் பிஷ்னோய்ப் பெண் அம்ரிதா தேவி வன்னி மரத்தைக் கட்டிக்கொண்டார், வெட்டுண்டார். மூன்று மகள்களும் அப்படியே. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர, மாண்டவர்கள் 363 பேர் என்கிறது பிஷ்னோய் மரபு. சுண்ணாம்புக்கு இத்தனை விலையா!

பிறகுதான் மன்னர் பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டத் தடை விதித்தார். இன்று ராஜஸ்தானின் மாநில மரம் வன்னி.