ஜிலேபிக்குள் தயிர் எப்போது வந்தது?

தில்லியில் ராம்லீலா மேளா என்றால் ராவணன் எரிவதைப் பார்க்க ஒரு கூட்டம், ஜிலேபிக் கடை முன்னால் இன்னொரு கூட்டம். எங்கள் வீட்டில் மூன்று பேர் இரண்டாவது கட்சி. நான்காவது ஆள், என் சின்ன மகள், பக்கத்தில் நிற்க மட்டும் செய்வாள். அவளுக்குப் பால் ஒவ்வாமை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மேளாவில் கடைக்காரரிடம் "பையா, இதில் பால் இருக்கா?" என்று கேட்டேன். "மைதா, சர்க்கரை, அவ்வளவுதான் சாப்" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மாவு புளிக்கப் போட்ட தயிரும், வாணலியில் இருந்த நெய்யும் அவர் கணக்கில் 'பால்' இல்லை! ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுப் பிழைத்தது. அடுத்த நாள் அவள் கேட்டாள்: "அப்பா, பால் இல்லாத ஜிலேபியே கிடையாதா?"

நான் படித்தது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் பழைய லெட்ஜரைப் புரட்டி, ஒரு பற்று எந்தத் தேதியில் ஏறியது என்று தேடிப் பழக்கம் உண்டு. அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

ஜிலேபி நம் ஊர்ச் சொல்லே இல்லை. அரபியில் ஸலாபியா, பாரசீகத்தில் ஸுலூபியா. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த 'கிதாப் அல்-தபீக்' என்ற சமையல் நூலிலேயே இது இருக்கிறது. மாவைப் புளிக்க வைத்து, எண்ணெயில் பொரித்து, தேனில் முக்கி எடுக்கிறார்கள். ஆக, முதல் பக்கத்தில் தயிரும் இல்லை, நெய்யும் இல்லை.

இந்தியக் கணக்கைப் பார்த்துச் சொன்னவர் புனே பண்டார்கர் நிறுவனத்தில் இருந்த பி.கே.கோடே என்ற அறிஞர். 1943இல் ஜிலேபியின் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதினார். 1450 வாக்கில் ஜினசூரர் என்ற ஜைன ஆசிரியர் எழுதிய கதை நூலில், ஒரு வணிகர் வீட்டு விருந்தில் ஜிலேபி வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் ரகுநாதர் எழுதிய 'போஜனகுதூஹலம்' நூலிலும் உண்டு. இந்த ரகுநாதரை ஆதரித்தவர் யார் தெரியுமா? தஞ்சை மராத்திய அரசர் ஏகோஜியின் மனைவி தீபாபாய்! ஜிலேபிக்கும் தஞ்சாவூருக்கும் அப்படி ஒரு உறவு.

தயிர் ஏறிய பக்கமும் கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூலில் 'குண்டலினி' என்று ஒரு பண்டம். புதுப் பானையின் உள்பக்கம் புளித்த தயிரைப் பூசி, கோதுமை மாவும் தயிரும் கொஞ்சம் நெய்யும் கரைத்து ஊற்றி, வெயிலில் வைத்துப் புளிக்க விட வேண்டும். பிறகு ஓட்டைப் பாத்திரம் வழியாகச் சுடு நெய்யில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, பாகில் போட வேண்டும். அச்சு அசல் ஜிலேபி! மாடு நிறைந்த நாட்டில் மாவைப் புளிக்க வைக்கக் கைக்கெட்டியது தயிர்.

பிறகு நெய்யே பெருமையாகிவிட்டது. சாந்தினி சௌக்கில் தரீபா கலான் முனையில் 1884 முதல் நடக்கும் கடையும், ஹரியானாவின் கோஹானாவில் 1958இல் தொடங்கி, ஒவ்வொன்றும் கால் கிலோ எடையில் ஜிலேபி போடும் கடையும் 'தேசி நெய்' என்று சொல்லித்தான் பேர் வாங்கின. 1937இல் டால்டா வந்தபோது ஏழைக்கும் நெய் மாதிரி ஒன்று கிடைத்தது. அதில் பால் இல்லை, ஆனால் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து சமையல் கொழுப்புகளில் அதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு.

இதையெல்லாம் படித்ததும் ஒன்று புரிந்தது. ஜிலேபிக்கு வேண்டியது தயிர் இல்லை, புளிப்பு. தயிர் அந்த வேலைக்கு வந்த ஆள், அவ்வளவுதான். புளிக்க வைக்கும் வேலைக்கு நம் வீட்டில் தினமும் ஒரு ஆள் இருக்கிறதே, இட்லி மாவு! அரிசி, உளுந்து, தண்ணீர். பாலுக்கு இடமே இல்லை.

முதல் தடவை இட்லி மாவைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். எண்ணெயில் போட்டதும் உப்பி, உடைந்து... "இது ஜிலேபியா, வடகமா?" என்றாள் வீட்டுக்காரி. மூன்றாவது தடவைதான் கைகூடியது. அளவு இதோ:

மைதா 1 கப், அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, உப்புப் போடாத புளித்த இட்லி மாவு 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் முக்கால் கப். தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். ஒரு இரவு மூடி வையுங்கள். தில்லிக் குளிரில் ஒரு முழு நாள் ஆகும். சர்க்கரை ஒன்றரை கப், தண்ணீர் முக்கால் கப் சேர்த்து ஒரு கம்பிப் பதத்தில் பாகு. உறையாமல் இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு. தட்டையான வாணலியில் கடலெண்ணெய், மிதமான தீ. மொறுமொறுப்பானதும் எடுத்துச் சூடான பாகில் அரை நிமிடம். பிழிவதற்கு ஓட்டை போட்ட துணி அல்லது சாஸ் பாட்டில். வழக்கமாக எல்லோரும் செய்வது போலக் காலி பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பிழிந்துவிடாதீர்கள்! :-)

இன்னொன்று. பால் ஜீரணமாகாத லாக்டோஸ் தொந்தரவு வேறு, ஒவ்வாமை வேறு. தயிர் புளிக்கும்போது லாக்டோஸ் குறையலாம், பால் புரதம் போகாது. நெய்யிலும் அதன் மிச்சம் இருக்கலாம். எனவே கடையில் "பால் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தயிர் போட்டீர்களா, எதில் பொரித்தீர்கள், அதே வாணலியில் வேறு என்ன பொரித்தீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஊரில் ஜாங்கிரி உளுந்தில் செய்வது, தயிர் வேண்டாம். ஆனால் அதையும் எதில் பொரித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

போன வருடம் மேளாவுக்கு ஒரு டிபன் டப்பாவோடு போனோம். ராவணன் எரியும்போது என் மகள் கையிலும் ஒரு ஜிலேபி இருந்தது. பக்கத்தில் நின்ற பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்து, "எந்தக் கடை பேட்டா?" என்றார்.

"எங்க அப்பா கடை" என்றாள்.